மதிலுக்குப் பின்னால் பேருந்து நிறுத்தம்

மார்ச் 4, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் நான்கு வாரத் தொடர் ஒன்று கேட்டிருக்கிறார். நகரத்தின் நெரிசலான பழைய நடுப்பகுதியையும், புறவழிச்சாலைக்கு வெளியே பரந்து கிடக்கும் புதுக் குடியிருப்புகளையும் ஒப்பிட வேண்டும். "நடுநிலையா இருக்கணும்" என்றார். ஞாயிறு மலரில் பாதிப் பக்கங்கள் அந்தக் குடியிருப்புகளின் விளம்பரம் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, நடுநிலையாகவே தொடங்குகிறேன். என் மாடி அறைக் கூரையில் மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது. கீழே பட்டறையில் விடிந்ததும் தகரம் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் பல்வலி வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் போதும். எல்லாம் தெருவுக்குள் இருக்கிறது. எதிர்வரிசையில் அக்கா பாதிப் பங்கு வைத்திருக்கும் தையல்கடை. மீதிப் பங்குக்காரியை இந்தத் தெரு 'கத்தரி' என்று கூப்பிடுகிறது. வாய் அப்படி.

அக்கா ஆறு மாதமாக இங்கே குடியில்லை, கடைக்கு மட்டும் வந்து போகிறாள். மகன் புறநகரில் வீடு வாங்கி அழைத்துப் போய்விட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகன், அதாவது என் மருமகன், காரில் வந்து கூட்டிப்போனான். அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர்.

"மாமா, காத்தைப் பாருங்க. குளிக்கிறதுக்கு வரிசையில நின்னே அம்மாவுக்குப் பாதி வாழ்க்கை போச்சு. இனிமே அப்படி இல்ல" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். தோட்டம், அகலமான சமையலறை, அம்மாவுக்கென்று தனிக் குளியலறை. குறை சொல்ல முடியாத வீடு.

தெருவில்தான் ஒருவரும் இல்லை. நடைபாதை போட்டிருக்கிறார்கள், நடப்பவர் இல்லை.

அவன் உள்ளே போனதும் அக்கா என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். கொல்லைக்கு அடுத்தாற்போல உயரமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய காலனி, காய்கறி வண்டிகள், பேருந்து நிறுத்தம். நடத்துநர் முகம் வரை தெரிகிறது. ஆனால் முறைப்படி அங்கே போக வேண்டுமென்றால் குடியிருப்பின் முன்வாசலுக்கு நடந்து, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைச் சுற்றி வர வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும்.

"அப்புறம் நீ தினமும் கடைக்கு எப்படி வர்ற? அவன் சனிக்கிழமை மட்டும்தானே கார்ல விடறான்?"

"அவன் ஆபீஸ் போனதும் இப்படித்தான்டா."

கீழே காட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெயின்டர்கள் விட்டுப்போன மர ஏணி. அந்தப் பக்கம் இறங்க அடுக்கிய கருங்கல். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் குழாய் ரிப்பேர்க்காரரும் அதில்தான் வந்து போகிறார்களாம். அவர்களோடு, அறுபத்தாறு வயதில், என் அக்காவும்.

"விழுந்து கிழுந்து வச்சா?"

"பிடிச்சு இறக்க ஆளிருக்கு. இந்தப் பக்கம்தான் யாருமில்ல."

மார்ச் 12, புதன்

நகர வளர்ச்சி அலுவலகம். 'எல்லா வீடுகளுக்கும் நடக்கும் தூரத்தில் பேருந்து' என்று வரைபடத்தில் போட்டிருக்கிறார்களே, எந்த வழியாக நடப்பது என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அது நேர்கோட்டுத் தூரம் சார்."

"நடுவுல மதில் இருக்கே?"

"மதில் எங்க மேப்ல வராது சார்."

"எங்க அக்கா என்ன காக்காவா, நேர்கோட்டுல பறந்து போக?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மதில், ஒரு வாசல். பக்கத்துக் குடியிருப்புப் பள்ளி மணி காதில் விழும். பிள்ளையை அங்கே விட மட்டும் கார் வேண்டும். இத்தனை இடத்தை வளைத்துப்போட்டு, ஒரு ஆள் நுழையும் வழிக்கு மட்டும் இடமில்லை. இதற்குப் பெயர் திட்டமிட்ட வளர்ச்சி! எங்கள் தெருவை யாரும் திட்டமிடவில்லை. அதனால்தான் பிழைத்தது.

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாவது கட்டுரை வந்தது. தலைப்பு, 'ஏணி வழிப் பயணம்'. அக்காவை 'அறுபது தாண்டிய ஒரு பெண்' என்று மட்டும் எழுதினேன். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுப்பதில்லை, அது தொழில் பழக்கம். குடியிருப்பின் பெயரைப் போட்டேன். இடத்தைச் சொல்லாமல் எழுதினால் அது செய்தியில்லை, அதுவும் பழக்கம்.

நிறையப் பாராட்டு. நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 24, திங்கள்

மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மாமா, ரொம்ப தேங்க்ஸ். இப்படி ஒரு ஏணி இருக்குன்னு உங்க கட்டுரையைப் படிச்சுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. காலையிலேயே ஆள் விட்டு எடுத்தாச்சு. மதில் மேல முள்கம்பியும் போட்டாச்சு."

அவனே தொடர்ந்தான்.

"யாரோ வயசான அம்மா வேற ஏறுதாமே? விழுந்தா நாமதான் பதில் சொல்லணும்."

— யாரோ வயசான அம்மா!

மார்ச் 25, செவ்வாய்

அக்காவைக் கூப்பிட்டேன். "உண்மையை அவன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம். மதில் ஏறினேன்னு தெரிஞ்சா வீட்டை விட்டே வெளிய விடமாட்டான்." அப்புறம், "நல்லாத்தான் எழுதியிருந்தேடா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டா எழுதினே? ஊருக்கு நியாயம் கேட்கப் போய், ஒருத்தி கண்டுபிடித்து வைத்திருந்த வழியையும் அடைத்துவிட்டாயே.

மார்ச் 31, திங்கள்

கத்தரி என்னைத் தெருவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க எழுத்தாளரே! அடுத்து எந்த வழியை மூடப் போறீங்க?"

பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கப் போகுது. சீருடைத் துணி மலையா கிடக்கு. நான் ஒருத்தி எத்தனை தைப்பேன்? அடுத்த மாசம் முழுக்கப் பார்ப்பேன். அவ பழையபடி வரலேன்னா வேற பங்குக்காரியைச் சேர்த்துக்குவேன், அவகிட்டயே சொல்லிட்டேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள். சின்ன வயதிலிருந்து சேர்ந்து தைத்தவர்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குடியிருப்புச் சங்கக் கூட்டம். நிருபர் என்ற முறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் மருமகன். யாரோ மதிலில் சின்ன வாசல் வைக்கலாமே என்றார். உடனே பத்துக் குரல்கள்: வெளியாட்கள் வந்துவிடுவார்கள், பாதுகாப்பு போய்விடும், வீட்டு மதிப்பு குறைந்துவிடும்.

முன்வரிசையில் அக்கா எழுந்தாள்.

"அந்த ஏணியில ஏறினது நான்தான்."

மருமகன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"மதிலுக்கு அந்தப் பக்கம் போனா நானும் வெளியாள்தான். அங்க ஒருத்தரும் என்னை யாருன்னு கேக்கல. கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாங்க."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். வாசல் வேண்டாம் என்று முடிந்தது. செயலாளர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

வெளியே வந்ததும் மருமகன் கேட்டான்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீ கார் அனுப்புவே. எனக்குக் கார் வேணாம்டா, வழி வேணும்."

அவன் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் தெரியும்" என்றான். அது கேள்வி இல்லை.

ஏப்ரல் 12, சனி

அக்கா கடைக்கு மேலுள்ள அறைக்கு வந்துவிட்டாள். சிறிய அறை, பாதிச் சுவர் வரை ஈரம். குளிக்க வரிசை. சாமான்களை ஏற்ற மருமகன் வரவில்லை.

கடைசிக் கட்டுரையில் வரைபடத்தையும் மதிலையும் அடுத்தடுத்து அச்சிட்டோம். அலுவலகத்திலிருந்து மறுப்பு வந்தது: தூரம் சரியாகவே அளக்கப்பட்டதாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவன் வரவில்லை. அக்கா கார் சத்தம் கேட்டால் மட்டும் மிஷினை நிறுத்துகிறாள்.

மே 18, ஞாயிறு

முற்பகல் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். மருமகன் நடந்து வந்தான். பேருந்து நிறுத்தம் இருக்கும் திசையிலிருந்து.

"கார் எங்கடா?"

"பேட்டரி இறங்கிடுச்சு மாமா. டாக்ஸிக்காரன் ஒருத்தனும் வரல."

கத்தரி வாயைத் திறந்தாள். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அது ஒரு அதிசயம்.

முழங்காலில் சுண்ணாம்பு. பேன்ட்டில் தொடைப் பக்கம் நீளமாக ஒரு கிழிசல், ஓரம் நார்நாராக. கம்பி கிழித்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கமா ஏறினே?"

முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "தண்ணித்தொட்டிப் பக்கமா."

"அங்கதான் கம்பி நெருக்கமா இருக்கு. அந்தப் பக்கம் இறங்கறப்போ?"

"ஒரு காய்கறிக்காரர் பிடிச்சுக்கிட்டாரும்மா."

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். "உள்ள போய்க் கழட்டிக் குடு" என்றாள்.