ஆம்பல் துறையின் பதினொரு நாட்கள்

நீர் வற்றாத கருமணியாற்று நாட்டைக் காக்கும் அரசர் பெருமான் நன்னெடுங்கோ அவர்களின் திருவாணைப்படி, பேரமைச்சர் அறவாணர், வடகரைத் துறைகள் ஏழுக்கும் தலைவரான மருதங்கிழார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறைகளில் ஓடங்கள் கவிழாதிருக்க. கரையேறுவோர் எல்லாரும் தம்மவர் முகம் காண்க.

நாள்தோறும் ஆறு கடப்போர் முப்பது நாளுக்கான துறைப்பணத்தை முன்னதாகச் செலுத்திச் சுட்டமண் வில்லை பெறுவதும், செலுத்திய நாளிலிருந்தே அவரவர் மாதம் தொடங்குவதும் நம் வழக்கம். ஏடுகள் ஒழுங்காக இருக்கட்டும் என்று எண்ணி, அனைவரின் மாதமும் முதல் நாளிலேயே தொடங்கியதாகத் திருத்தி எழுதுமாறு சென்ற திங்களில் ஆணையிட்டோம். முன்பே செலுத்திய நாட்களை என்ன செய்வது என்று அவ்வாணையில் ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் நேர்ந்ததை இனிக் கேட்பீராக.

ஆம்பல் துறையின் கணக்கர் அமுதனார் கடுஞ்சொல் அறியாதவர். வெயிலில் நிற்பவர்க்குத் தம் குடத்து நீரைத் தருபவர். நெல் குற்றிப் பிழைக்கும் பூதியாள் என்பவள் பன்னிரண்டாம் நாளில் பணம் செலுத்தியிருந்தாள். அக்கரை மருத்துவச்சாலையில் கிடந்த கணவன் கொற்றனுக்கு அன்றாடம் கஞ்சி கொண்டுபோவாள். அவள் மாதத்தை முதல் நாளுக்குத் திருத்திய அமுதனார், அதற்கு முந்திய பதினொரு நாட்களுக்கும் அவள் பணம் தரவில்லை என்று கண்டு, அதைப் பாக்கியாகக் குறித்தார். அடுத்த திங்களின் முதல் நாள் அவள் வந்தபோது, பாக்கி தீராமல் ஓடம் இல்லை என்றார். ஏட்டில் உள்ளதை மாற்றத் தமக்கு உரிமையில்லை என்று வருந்தியும் சொன்னார்.

அவளிடம் காசில்லை. ஓடக்காரன் நீலன் அவள் கைக்கலயத்தை வாங்கிக்கொண்டு, "கலயத்துக்கு வில்லை கேக்க மாட்டாரு கணக்கரு. நீ அழாம வீட்டுக்குப் போ அக்கா, நான் ஊட்டிட்டு வாரேன்" என்றானாம். அமுதனார் அதைக் கண்டும் காணாதவர்போல ஏட்டைப் புரட்டினார். அவளோ வீடு செல்லவில்லை. ஓடம் திரும்பும்வரை கரையிலேயே நின்றாள். ஒவ்வொரு நாளும் வெறுங்கலயம் வந்தது. கூடவே, அவள் எங்கே என்று கொற்றன் கேட்ட கேள்வியும் வந்தது. பத்தாம் நாள் கலயம் நிறைந்தபடியே திரும்பியது.

மறுநாள் உலக்கையை விற்ற காசோடு வந்தாள். கணவன் உடலைக் கொண்டுவர அவள் அக்கரை போக வேண்டும். காசைப் பலகையில் வைத்து அவள் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறோம்: "இந்தாங்க ஐயா. சண்டைக்கு வரல. நான் ஏறாத அந்தப் பதினோரு நாள் எதுன்னு மட்டும் காட்டுங்க. அவருக்குப் பதில் சொல்லணும்."

காட்டுவதற்காகவே அமுதனார் புளியங்கொட்டைகளைப் பரப்பினார். அவள் செலுத்திய முப்பது நாளுக்கு முப்பது கொட்டைகள். பன்னிரண்டாம் நாளிலிருந்து திங்கள் முடியும்வரை அவள் ஓடமேறிய நாட்களுக்குப் பத்தொன்பது வைத்தார். கையில் பதினொன்று மிஞ்சின. மீண்டும் எண்ணினார், மீண்டும் பதினொன்றே. அவள் ஓடமேறாத முன்னாட்களுக்குப் பணம் கேட்டதே பிழை. மிஞ்சியவையோ இத்திங்களின் முதல் பதினொரு நாட்கள். அவள் கரையில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் முன்பே விலை கொடுத்திருந்தாள்.

அமுதனார் எழுந்து நின்று தம் பிழையை அவளிடமே சொன்னார். காசைத் திருப்பித் தந்து, ஓடத்தில் அவளோடு சென்று, கொற்றன் உடலைத் தாமும் ஒரு தோள் கொடுத்துச் சுமந்தார். பின்னர்ப் பதவியை விட்டுவிட வேண்டி நமக்கு எழுதினார். நாம் இசையவில்லை. அவர் பிழைக்கு முன்னே நிற்பது நம் பிழை.

ஆதலால், ஓடமேறாத நாளுக்கு எவரிடமும் பணம் கேளாதீர். திருத்தத்தால் மிஞ்சிய நாட்களை உரியவர்க்கு வரவு வையும். இவ்வாறு பிழைபட்ட அறுபத்து மூன்று வீடுகளுக்கும் அமுதனாரே நடந்து சென்று, காசைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்பார். கணக்கில் ஐயம் தீரும்வரை எவரையும் கரையில் நிறுத்தாதீர்; ஓடம் முதலில், ஏடு பிறகு. நீலன்மீது குற்றம் ஏதும் எழுதப்படலாகாது. அன்று ஆம்பல் துறையில் அறம் அறிந்தவன் அவன் ஒருவனே.

அரசர் அளித்த இழப்பீட்டைப் பூதியாள் ஏற்கவில்லை. உலக்கையை மட்டும் மீட்டுத் தந்தால் போதும் என்றாள், மீட்டுத் தந்தோம். தன் பதினொரு நாட்களை, கஞ்சிக் கலயத்தோடு காசின்றி வருபவர் எவர்க்கேனும் கொடுக்கச் சொன்னாள். அப்படி வருபவர் எவரையும் நாள் எண்ணாமல் ஏற்றுவீராக.

இவ்வோலையோடு அந்தப் பதினொரு கொட்டைகளையும் துணியில் முடிந்து அனுப்பியுள்ளோம். ஒருவரை ஓடத்திலிருந்து இறக்குமுன் அவற்றைக் கையில் எடுத்துப் பாரும். இது ஆணை. அரச இலச்சினை பொறித்தோம்.