மலையூரில் அகப்பட்ட யாழும் மருதியும்

திரு நிலைபெறுக. முத்துத் துறைகளின் காவலை முடியோடு சேர்த்து ஏற்றவளும், சங்கு முத்திரை உடையவளும், செங்கானல் நாட்டுக்கு உரியவளுமாகிய பொலங்கொடித் தேவி, தேனும் தினையும் குறையாத கருங்குன்ற நாட்டை ஆளும் வேள் ஓங்கெழிலனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடை நிழல் நீள்க. உம் வாயிற்படி விருந்தினர் காலால் தேய்க. மணக்கோலம் பூணவிருக்கும் உம் மகள் நீடு வாழ்க.

வாழ்த்து இன்னும் நீள வேண்டும் என்று நம் ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார். அதற்குப் பொழுதில்லை. நலம் கேட்டு முடிப்பதற்குள் உம் வேற்படை மலையேறிவிட்டால் வாழ்த்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எம் வண்டி எருதைத் திருடியவர்களின் ஊரைக் கொளுத்த நீர் அடிவாரத்தில் படை நிறுத்தியிருப்பதாக அறிந்தோம். மேலே படிக்குமுன் ஆள் அனுப்பி, அப்படையை நின்ற இடத்திலேயே நிறுத்துக.

நிறுத்தினீராயின் இனிக் கேட்டருள்க. உம் மகள் மணத்தில் ஒலிக்க நாம் அனுப்பியதென்று உம் மாளிகையில் ஒரு யாழைப் பட்டுப் போர்த்திப் பூச்சூட்டி வைத்திருக்கிறீரே, அது எம் குலத்து யாழ் அன்று. எம் இசைக்கருவி மாடத்தைக் காக்கும் மருதி நாள்தோறும் கை பழகும் யாழ் அது. அதன் இனிமை கேட்டு உம் அவைப் பாணர்கள் கண்ணீர் வடித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டா. ஒலித்துப் பார்த்து வாங்கிய உம் அதிகாரியையும் கடிய வேண்டா. குல யாழை அவர் கேட்டது முன்பு உம் தங்கையார் திருமணத்தில்; அந்த ஒலி இத்தனை காலம் அவர் செவியில் எப்படி நிற்கும்? குல யாழ் உம் படை சூழ்ந்திருக்கும் அந்த மலையூரில்தான் இருக்கிறது. மருதியும் அங்கேதான் இருக்கிறாள்.

இது நேர்ந்த விதத்தைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. வடபுலத்து அரண்மனைகளில் யாழும் முழவும் களவு போகும் செய்தி வந்ததிலிருந்து மருதிக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டை அவள் நம்பவில்லை. பூட்டுகிறவனை அதைவிட நம்பவில்லை. ஒருநாள் நம்மையே மாட வாயிலில் மறித்து, முந்தானைக்குள் என்ன என்று கேட்டாள். உம் மகள் மணத்துக்கு யாழை அனுப்ப வேண்டும் என்றதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு அவளே ஒரு வழி கண்டாள். பழகு யாழைப் பல்லக்கில் ஏற்றி, முன்னும் பின்னும் வேல் வீரரை நடத்தினாள். குல யாழைத் தன் பழைய மெத்தைக்குள் சுருட்டி, அரிசி மூட்டையோடு மாட்டுவண்டியில் போட்டு, வண்டிக்காரன் கொற்றனோடு தானும் பின்னால் வந்தாள். கள்வர் வந்தால் பல்லக்கின் மேல்தான் விழுவார்கள் என்பது அவள் கணக்கு. நாமும் மெச்சிக் கைவளையைக் கழற்றிக் கொடுத்தோம். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கள்வர் பல்லக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. உச்சிவெயிலில் பல்லக்கு ஆற்றைக் கடந்துபோக, வண்டி மட்டும் மணலில் சிக்கி இக்கரையில் நின்றது. மலையூரில் உப்புப் பொதி சுமக்கும் எருதுகளெல்லாம் நோயில் மாண்டுபோக, அவ்வூரார் எருது தேடி இறங்கிய நாள் அது. எருதோடு வண்டியையும், வண்டியோடு மெத்தையையும் ஓட்டிப் போனார்கள். மருதி வாய் திறக்கவில்லை. கத்தினால் மெத்தைக்குள் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுமே! சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றவள், பதறித் திரும்பிய வீரர்களிடம் எருது போனதற்கு இத்தனை ஆரவாரம் எதற்கு, பல்லக்கோடு நடங்கள் என்று ஏவிவிட்டு, கொற்றனோடு வண்டித் தடம் பிடித்து மலையேறினாள். மேலே நடந்ததெல்லாம் கொற்றன் வந்து சொன்னது.

மருதியும் கொற்றனும் தங்களை அக்காள் தம்பி என்று சொல்லிக்கொண்டு, பறிகொடுத்த பொருளைக் கேட்டு வந்ததாக ஊர்த்தலைவி ஆம்பியின் முற்றத்தில் நின்றார்களாம். எளியவர்களிடம் பறித்துவிட்டோமே என்று ஆம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்றாம்.

"மாடு திரும்பாது அக்கா. அதைத் தவிர எதை வேணும்னாலும் கேளு" என்றாளாம்.

"மாடு கிடக்கட்டும். என் மெத்தையைக் குடுத்துடு. வெறுந்தரையில படுத்தா எனக்கு மூச்சு இழுக்கும்" என்று மருதி சொல்ல, ஆம்பி உள்ளே போய் மெத்தையோடு யாழையும் தூக்கி வந்தாளாம்.

"உள்ளே இதுவும் இருந்துச்சு. அடுப்புல வைக்கலாம்னு பார்த்தேன், மனசு வரலை. இடத்தை அடைக்குது, நீயே எடுத்துக்கிட்டுப் போ."

அவ்வளவுதான்; வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தால் இந்த ஓலைக்கே வேலையில்லை. ஆனால் எம் மாடத்து வழக்கம் உமக்குத் தெரியும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப்போல் இன்னொன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அஞ்சி, கருவி கைமாறும்போதெல்லாம் ஒலித்துப் பார்த்தே வாங்குவோம். மருதி கையில் யாழ் வந்தது. விரல் நரம்புக்குப் போய்விட்டது. கொற்றன் அவள் காலை மிதித்தானாம், அவளுக்கு உறைக்கவில்லை. நரம்பு தளர்ந்திருக்கக் கண்டு, முறுக்கேற்றி மறுபடியும் மீட்டினாளாம். தினை குத்தியவர்கள் உலக்கையை நிறுத்தினார்கள். ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. இது அரண்மனை யாழ், இவளும் அரண்மனை ஆள் என்று கண்டுகொண்ட ஆம்பி, மெல்லக் கை நீட்டி யாழைத் திரும்ப வாங்கிக்கொண்டு மருதியையும் இருத்திக்கொண்டாளாம். களவுக்கு அஞ்சி வைத்த வழக்கம் களவு கொடுத்தது.

அதற்குள் உம் படை அடிவாரத்துக்கு வந்துவிட, ஆம்பி கொற்றனிடம் சொல்லியனுப்பியது இது: இரண்டையும் கொடுத்தால் மறுநாளே எங்கள் ஊர் சாம்பலாகும், வேல்கள் விலகினால் ஒன்றைக் கொடுப்போம், மற்றது எங்கள் காவலுக்கு இங்கே இருக்கும், யாழா இவளா என்று உங்கள் அரசியே சொல்லட்டும், படை ஏறினாலோ இரண்டும் நெருப்புக்குப் போகும். அவள் பேச்சில் குற்றம் காண நம்மால் முடியவில்லை.

மருதியும் சொல்லியனுப்பியிருக்கிறாள். "யாழைக் கேளுங்க தேவி. நான் இங்கே ஒரு மூலையில கிடந்துக்குவேன். என்னை மாதிரி நூறு பேர் கிடைப்பாங்க" என்றாளாம். நம் அமைச்சர்களும் தலையாட்டுகிறார்கள். குலத்தின் சொத்து என்கிறார்கள். முன்னோர் முகத்தில் விழிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாளாக அவையில் இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அந்த யாழை இழக்க நமக்கும் மனமில்லை. ஆனால் கொற்றன் இன்னொன்றும் சொன்னான்: மலைக்குளிரில் மருதிக்கு இளைப்பு கண்டுவிட்டது, இருமினால் நிற்பதில்லை. இதைக் கேட்ட பிறகு அமைச்சர் பேச்சு எதுவும் நம் செவியில் ஏறவில்லை. அவளைப் போல் நூறு பேர் இருக்கலாம். நமக்கு அவள்தான் வேண்டும்.

ஆகவே நம் வேண்டுகோளும் ஆணையும் கேட்டருள்க. படையை விலக்குக. யாழ் ஆம்பியிடம் இருக்கட்டும், மருதி இறங்கட்டும்; இனி அவள் ஊர் மேல் படை ஏறாது என்று கொற்றன் வழியே ஆம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். அவள் எல்லை கடந்ததும் யாழை மீட்கப் படை ஏற்றலாம் என்று யாரேனும் உம் காதில் ஓதினால், ஆம்பிக்கு வாக்குக் கொடுத்தவள் நாம் என்பதையும், அவ்வாக்குக்கு எம் படை காவல் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்க. மணவேளையில் பழகு யாழே ஒலிக்கட்டும். உண்மையை மணமகளிடம் மட்டும் சொல்லிவிடுக. பொய்யோடு அவள் புதுவாழ்வு தொடங்க வேண்டா.

மருதி எளிதில் வரமாட்டாள். யாழை விட்டு எழமாட்டேன் என்பாள், அரசிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பாள், உம்மையும் ஏசுவாள். பொறுத்துக்கொள்க. இவ்வோலை கொணரும் கொற்றனிடம் அவளுக்கென்று ஒரு நறுக்கோலை தனியே கொடுத்திருக்கிறோம். ஓலைநாயகத்தின் எழுத்து வேண்டா என்று நாமே எழுதியது, கோணலாகத்தான் இருக்கும். அதில் பட்டமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. "மருதி, உன்னைத்தான் கேட்டேன். வா" என்று மட்டும் இருக்கிறது.

இரண்டு ஓலைக்கும் நம் சங்கு முத்திரை இட்டோம். இரண்டும் ஆணையே.