அவள் உட்கார்ந்த பெஞ்சு

என்னங்க,

ஆலயத்தில் நடந்ததை உங்கள் அக்கா சொன்னதிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலயத்துக்கு வந்திருந்தாள். நம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டினானே, அவனுடைய அம்மா. ஓட்டினவன் பிழைத்துக்கொண்டான், நம் பிள்ளைதான் போய்விட்டான். அவனைச் சிறையில் அடைத்த பிறகு அவள் இப்போதுதான் வெளியே தலைகாட்டுகிறாள்.

அவள் உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இடம் மாறினார்கள். எல்லாம் எனக்காகத்தான். போதகர்கூடப் பார்க்காததுபோல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து அவளிடம் போனது நல்லவள் என்று பேர் வாங்குவதற்காக இல்லை. அவ்வளவு நீளப் பெஞ்சில் அவள் ஒருத்தியாகக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

"வேணாங்க்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

"பாக்கட்டும். கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றேன்.

கர்த்தருடைய ஜெபத்தில் பிறரை மன்னிக்கிறதாகச் சொல்லும் வரி வந்ததும் என்னால் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. சபையே அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சொல்லாமல் நின்றோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

அடுத்த வாரமும் அங்கேதான் உட்காருவேன். கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை, லீவு போட்டுவிட்டு வாருங்கள். யாரோடும் பேச வேண்டாம். பெஞ்சில் எனக்கு மறுபக்கம் ஆளில்லாமல் இருக்கிறது.

என்றும்
உங்கள் வீட்டுக்காரி