வக்கீல் படித்த கவிதை

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால்தான் கடிதம்.

என் ஓவியக் கண்காட்சி போன வெள்ளிக்கிழமை தொடங்கிவிட்டது. தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய், மன்னித்துக்கொள், சொல்லியிருந்தால் லீவுக்கு அலைந்திருப்பாய். அப்பா போன பிறகு எட்டு மாதம் நான் தூரிகையைத் தொடவே இல்லை. உனக்குத் தெரியாததா, முப்பத்தொரு வருஷமாக நான் வரைவேன், அவர் ஆபீஸ் விட்டு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கவிதை படிப்பார், ஏதோ ஒரு வரி என் கையைப் பிடித்து இழுக்கும், அதுதான் படம். கவிதையை வரைகிறவள் என்று பேர் வாங்கி மேடை ஏறியது நான், தொண்டை கட்டியது அவருக்கு. இப்போது நானே படித்துப் பார்த்தேன், கண் புத்தகத்தில் இருந்தால் கை சும்மா இருக்கிறது. கண்காட்சிக் கூடத்து அம்மாள் யாரோ ஒரு நடிகர் படித்துப் பதிவு செய்ததை அனுப்பினாள், மனுஷர் வரிக்கு வரி உருகுகிறார். அழ வேண்டியதையெல்லாம் அவரே அழுதுவிட்டால் நான் எதை வரைவது? அப்பா லீவ் லெட்டர் படிக்கிற மாதிரிதான் படிப்பார், ஏற்ற இறக்கமே இருக்காது, நானே எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அந்த மொட்டைக் குரல்தான் மிச்சத்தையெல்லாம் எனக்கு விட்டுவைத்திருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. பன்னிரண்டு படம் கேட்டிருந்தார்கள், என்னிடம் ஒன்றுகூட இல்லை. என்னால் முடியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

அன்றைக்குத்தான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவர் அளவெடுக்க வந்தார், சட்டம் தெரிந்தவர் என்று அப்பா வக்கீல் வக்கீல் என்று கூப்பிடுவாரே, அவரேதான். அளவெடுக்கப் படமே இல்லை என்றதும் மனுஷர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அப்பாவின் நாற்காலியில் உட்காரத் தயங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு எல்லா ரகரமும் வல்லினம்தான். கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் அலை என்று புத்தகத்தில் இருந்தது அவர் வாயில் கறையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் அலை என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எட்டு மாதத்தில் முதல் தடவை. திருத்தலாம் என்று வாயெடுத்தவள் அந்த நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். டீ டம்ளரை வைத்து வைத்துத் தரையில் வட்டம் வட்டமாகக் கறை, எத்தனை தேய்த்தும் போகவில்லை என்று அப்பாவைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இன்னொரு தடவை படிங்க என்றேன். “தப்பாப் படிச்சிட்டேனாம்மா?” என்று கேட்டார். இல்லை, அப்படியே படிங்க என்று சொல்லிவிட்டு வண்ணத்தைக் குழைக்க எழுந்தேன்.

பிறகு கடையைச் சாத்திவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் வந்து படித்தார். உறையைக் கிழித்துப் போட்டேன். ஏழு படம் தேறியது, ஏழிலும் பழுப்பு வட்டங்களும் அதைத் தொட்டுவிட்டுப் போகும் தண்ணீரும்தான். பார்க்க வந்தவர்கள் நிலவு என்றார்கள், கிணறு என்றார்கள், நான் ஆமாம் ஆமாம் என்றேன். கூட்டம் நல்ல கூட்டம். எல்லோரும் கை குலுக்கினார்கள், எல்லோரும் ஜோடியாகக் கிளம்பிப் போனார்கள், நான் ஆட்டோவில் தனியாக வந்து கதவைத் திறந்து எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை பேப்பரில் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சுவரை நான் வெறுமையாகவே விட்டிருப்பதுதான் கண்காட்சியிலேயே ஆழமான விஷயமாம். ஆழமாவது ஒன்றாவது, வக்கீலுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார், அதுதான் அந்தச் சுவர். சிரிப்புத் தாங்கவில்லை, இதைக் கேட்டீங்களா என்று வாய் தன்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டது. பேப்பரை மடித்து அப்பாவின் நாற்காலியில் வைத்தேன். அதற்கப்புறம்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உடம்பில் தெம்பும், சொன்னால் சிரிக்கப் பக்கத்திலேயே ஓர் ஆளுமாக நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். வாண்டுவின் தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா