நீ அடுக்கிய வரிசையைக் கலைத்தவள் நான்தான்

செந்தில் கண்ணு,

நீ இருந்தவரை உன்னை நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. 'டேய்' என்பேன். கோபம் வந்தால் முழுப்பெயரையும் சொல்வேன். பாசத்தை வாயால் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் யாருக்குமே கிடையாது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதினால் போய்ச் சேரும் என்று நம்புகிறவளும் அல்ல நான். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பதினோரு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மனைவி வசந்தா பீங்கான் பட்டறையை மூடவில்லை. நீ போன மூன்றாவது மாதமே சூளையைப் பற்றவைத்துவிட்டாள். ஜாடி ஆர்டரை விட்டுவிட்டு, கார்த்திகைக்கு அகல் மட்டும் போட்டாள். எல்லாம் விற்றுப்போனது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

உன் வண்டி பின் கொட்டகையில்தான் நிற்கிறது. நம் இருவரையும்விட வயதான, கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் அந்த இங்கிலீஷ் கார். பாண்டிச்சேரியில் ஏதோ ஒரு குடோனிலிருந்து நீ அதை இழுத்துக்கொண்டு வந்தபோது, சீட்டில் கோழி முட்டையிட்ட வைக்கோல் அப்படியே இருந்தது.

"இதுல எத்தன மூட்ட களிமண்ணு ஏத்தலாம்?" என்று கேட்டேன்.

"உன்ன ஒருத்திய ஏத்தலாங்க்கா. அதுவே முழு லோடு" என்றாய்.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காசையும் நேரத்தையும் தின்னும் இரும்பு என்றுதான் கடைசிவரை அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்குக்கு ஒரே ஒரு முறை உன்னோடு வந்தேன், நினைவிருக்கிறதா? மற்றவர்களின் பழைய வண்டிகள் மூடிய டிரெய்லர்களில் வந்து இறங்கின. உன்னுடையது பட்டறை மினி லாரியில், ஜாடிக்கு அண்டைகொடுப்பதுபோல நாலு பக்கமும் வைக்கோல் திணித்து வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், "என்ன சார், காரா பீங்கானா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒடையுங்க சார். பாத்து வாங்க" என்றாய் நீ.

நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு சுற்றையும் குறிக்கச் சொன்னாய். எட்டாவது சுற்று முந்தைய சுற்றைவிட இரண்டு நொடி குறைவு. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து என் தாளை எட்டிப் பார்த்தாய். "பொய் எழுதலையே?" என்றாய். உன் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"பிரேக்க பிடிக்கறது எல்லாருக்கும் தெரியுங்க்கா. வளைவுல எந்த எடத்துல விடணும்ங்கறதுதான் வேலையே. ஒரு சுத்து வந்து உட்காரேன்."

தலை வலிக்கிறது என்றேன். எனக்குத் தலைவலி எதுவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

கடைசிச் சுற்றில் ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கியது. என்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. பிரித்தாய். சூளையில் சாமான் அடுக்கும் சுட்ட மண் தட்டுகளை நீள மேஜையில் வரிசையாக வைத்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய இடத்தின் கணக்குப்படி அதில் வைத்தாய். தட்டின் விளிம்பில் சாக்பீஸால் எண் போட்டாய். ஒரு சனிக்கிழமை நான் அங்கே போய் நின்றேன். கட்டைவிரல் பருமனில் எட்டு இரும்புக் குமிழ்கள், தட்டுக்கு இரண்டாக இருந்தன. டேப்பட் என்றாய். கேம் ஷாப்ட் என்ற மேடு வைத்த தண்டு சுற்றும்போது அதன் மேட்டில் உட்கார்ந்து எழும்பி வால்வைத் திறக்கிற சாமான்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது?"

"பாக்கத்தாங்க்கா. ஒவ்வொண்ணும் அதது மேட்டுல இத்தன வருஷமா தேஞ்சு பழகியிருக்குது. மாத்திப் போட்டா ஒண்ணையொண்ணு தின்னுடும்."

தலையாட்டினேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் டீ டம்ளரோடு கொட்டகைக்குப் போன நீ திரும்பி வரவில்லை. பட்டறையில் வேலை செய்யும் அஞ்சலைதான் உன்னை முதலில் பார்த்தாள். மேஜையோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாயாம். இதயம் என்றார் டாக்டர். நாற்பத்து நாலு வயதுக்கு அந்த ஒரு சொல்தான் விளக்கமா?

இனி நான் சொல்ல வந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பாட்டுப் பந்தி போட இடமில்லை. கொட்டகையை ஒழிக்கச் சொன்னேன். அந்த மேஜையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆகவில்லை. கிரீஸும் கரியுமாக, நீ பாதியில் எழுந்து போனதுபோலவே கிடந்தது. அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"இதெல்லாம் நல்லா தேச்சுக் கழுவி, ஒரே மாதிரி இருக்கறத ஒரே தட்டுல போட்டு வை."

"சாரு இத தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு டீச்சரம்மா."

"நான் சொல்றேன். கழுவு."

இருபத்தைந்து வருடமாக ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை அது. குழாய் குழாயோடு, குடுவை குடுவையோடு. அஞ்சலை, குத்துவிளக்கு விளக்குவதுபோலச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். தட்டுகளில் இருந்த சாக்பீஸ் எண்களும் தண்ணீரோடு போயின. எட்டு டேப்பட்டும் ஒரே தட்டில் பளபளத்தன. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து வசந்தா என்னிடம் வந்தாள். "அண்ணி, அவரு போன அன்னிக்கு அந்த என்ஜினு பிரிஞ்சு கெடந்துச்சு. அவரையே பிரிச்சுப் போட்டாப்ல இருக்குது எனக்கு. சேத்துட்டா போதும். ஒரே ஒரு தடவ சத்தம் கேட்டுட்டா போதும்."

ஜங்ஷன் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ரஹீம் பாயைக் கூப்பிட்டோம். ஷார்ஜாவில் இருபது வருடம் கார் வேலை பார்த்தவர். டிராக்குக்கு உன்னோடு வந்து ஸ்பேனர் பிடித்தவர். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு டேப்பட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"யாருங்க இத கழுவினது?"

"நாந்தான் பாய்" என்றாள் அஞ்சலை.

வசந்தா திட்டிய திட்டை நான் எழுத மாட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். மெருகு பூசும் பெண்கள், மண் இறக்க வந்த லாரிக்காரர் என்று பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "அவரு கைபட்டு வெச்சதுன்னு ஒண்ணுதாண்டி மிச்சம் இருந்துச்சு. அதையும் கழுவி ஊத்திட்டியே!" அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன். அண்ணிக்குத் தம்பி மேல் எவ்வளவு பாசம் என்று வசந்தா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் நாலு ராடுகளுக்கும் நாலு மூடிகள். எது எதற்கு என்று தெரியவில்லை. பாய் ஒவ்வொரு மூடியையும் ஒவ்வொரு ராடிலும் மாட்டி இறுக்குவார். நான் உள்வட்டத்தை அளந்து நோட்டில் எழுதுவேன். பதினாறு ஜோடிகளில் நாலில் மட்டும் உள்வட்டம் கோணாமல் அமைந்தது. "மேடம், நீங்க நம்ம லைனுக்கு வந்திருக்கலாம்" என்றார் பாய். நான் அடுத்த அளவை எழுதினேன்.

டேப்பட்டுகளுக்கு அப்படி வழியில்லை. "தேஞ்ச முகத்த வெச்சு சிலது கண்டுபுடிக்கலாம் மேடம். இத செங்கத் தூள் போட்டு முகமே இல்லாம பண்ணிட்டாங்க." புதிதாக எட்டு வரவழைத்தோம். புதியதைப் பழைய மேட்டில் உட்காரவைக்கக் கூடாதாம். அதனால் கேம் ஷாப்ட்டைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிச் சாணை பிடித்து வாங்கினார். திரும்பி வந்த அந்தத் தண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிபோல இருந்தது. அந்த எட்டாவது சுற்றில், அந்த வளைவுகளில், நீ ஓட்டி ஓட்டித் தேய்ந்த தேய்மானம் அதில் எங்கோ இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சீவி எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் என்ஜின் உள்ளே ஏறிவிட்டது. உன் வருஷ திதியன்று கிளப்பலாம் என்று வசந்தா நாள் குறித்துவிட்டாள். அதைக் கேட்ட மறுநாள், அஞ்சலையின் ஊரான கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அஞ்சலை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு இடம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அவள் தெருவரை வந்துவிட்டது. நிலம் அளக்க வந்தவள் என்று என்னை நினைத்தாளாம்.

"தப்பு என்னோடது அஞ்சல. அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். நீ திரும்பி வேலைக்கு வா."

முறத்தை நிறுத்தவே இல்லை அவள். "அதான் அன்னிக்கே தெரியுமே டீச்சரம்மா. இத சொல்லவா இம்மாந் தூரம் வந்தீங்க?"

"மனசு கேக்கல. இத ஒரு கடிதமா எழுதிப் பத்திரிகைல போடலாம்னு இருக்கேன்."

"எங்க தெருவுல அத யாரு படிக்கறாங்க?" அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன திட்டினப்ப பத்துப் பேரு நின்னாங்க. நீங்க மட்டும் ஒண்டியா வந்து, காதுல சொல்லிட்டுப் போறீங்க. இது என்னா நாயம்? உங்க பசங்க தப்புப் பண்ணா கிளாஸு முன்னாடி நிக்க வெக்க மாட்டீங்களா?"

பிறகு, "டீ குடிக்கறீங்களா?" என்றாள். குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

செந்தில், அவள் சொன்னதில் பிழை காண நானும் முயன்று பார்த்தேன். பிள்ளைகள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதானே என் தொழில். ஒன்றும் அகப்படவில்லை. எழுதுவது எனக்குச் சுலபம். இதோ எழுதிவிட்டேன். பத்துப் பேர் முன்னால் நின்று சொல்வதுதான் பயமாக இருக்கிறது. வசந்தா அதன்பிறகு என்னை அண்ணி என்று கூப்பிடுவாளா? சனிக்கிழமைகளில் எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்குமா? தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

அடுத்த மாதம் உன் திதி. அன்று காலை அஞ்சலையை நானே போய்க் கையைப் பிடித்து அழைத்துவருவேன். அந்தப் பத்துப் பேரையும் கொட்டகையில் நிறுத்துவேன். படையல் முடிந்து பாய் சாவியில் கை வைப்பதற்கு முன்னால், வசந்தாவின் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன்: கழுவச் சொன்னது நான், வேண்டாம் என்றவள் இவள். அதை நான் சொல்லி முடிக்காமல் உன் வண்டியைக் கிளப்ப விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
அக்கா மீனா