நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கண்ணம்மா,

போனில் எப்போதும் "என்னப்பா படிக்கிறீங்க?" என்று கேட்பாய். மாமியார் வீட்டிலிருந்து நீ அனுப்பிய நாவலை நான் பின்னட்டைக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் "பிரமாதம்மா, ஒரு வரி விடலை!" என்று அளந்துவிட்டேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எட்டு மாதமாக நீ புத்தகப் பேச்சே எடுக்கவில்லை. தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

நேற்று என் பஸ் கண்டக்டர், என்னிடம் படிக்க வாங்கிப்போன அந்த நாவலோடு டிப்போவுக்கு வந்தார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு சீட்டு இருக்குண்ணே. 'அப்பா'ன்னு பார்த்ததும் மடிச்சு வெச்சுட்டேன்."

பஸ்ஸை எடுக்காமல் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி படித்தேன்.

"இங்க இருக்க முடியலப்பா. போன்ல பேசினா பக்கத்துலயே நின்னு கேக்கறாங்க. நீங்க எதையும் நல்லாருக்குன்னுதான் சொல்வீங்க. நான் அங்க வரலாம்னா, புத்தகம் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதி, நேரில் வந்து கையில் கொடுக்கிறேன்.

அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவே இல்லைம்மா. பெட்டியை எடுத்துக்கொண்டு வா. அந்த வீட்டு வாசலிலேயே நிற்கிறேன்.

படிக்காமலே பாராட்டிய
உன் அப்பா