முழங்கை வரை

அக்கா,

இன்று காலை காட்டுப்பாக்கத்தில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. தண்ணீர் தெளித்த பருத்தித் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஏறும்போது வருமே, அது. அளவெடுக்க வந்தவள் சின்னப் பெண். டேப்பை என் தோளில் வைத்துக்கொண்டு, "கை எவ்ளோ நீளம் வெக்கட்டும்?" என்றாள். நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பூந்தமல்லியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வீட்டின் முன்னறையையே கடையாக்கி வைத்திருந்தீர்கள். நான் முதலில் வந்தது ஒரு பொங்கல் சமயம். மண்ணூர்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணக்குப் பிரிவுப் பெண்கள் எல்லோரும் புடவை கட்டி வருவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை நான் முழுக்கை சுடிதார்தான். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொள்வேன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். வலது தோளில் ஆரம்பித்து முதுகுக்கும் மேல்கைக்கும் இறங்கியிருந்த வெள்ளைத் திட்டுகளைப் பற்றி, வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஒட்டாது, ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. "வெளிய தெரியாம பாத்துக்கோ" என்பாள். நானும் பார்த்துக்கொண்டேன்.

அளவெடுக்கத் துப்பட்டாவைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் தயங்கி நின்றேன்.

"இன்னா இப்டி கூனிகினு நிக்கிற? நிமிரு. அளவு தப்பாப் பூடும்."

கழற்றினேன். கழுத்தோரம் தெரிந்த திட்டைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"எரியுதா? அரிக்குதா?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னா? உடு."

அரக்கு நிறத்தில், முழங்கை வரை கை வைத்து, கழுத்தை ஏற்றி, மூடிய முதுகில் துணிப் பொத்தான்களை வரிசையாக வைத்து ஒரு ரவிக்கை தைத்தீர்கள். போட்டுப் பார்க்கச் சொல்லி, பின்னால் நின்று என் தோள்களைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தீர்கள். "பாரு, எவ்ளோ சோக்கா கீற. துணி ஆள மறைக்கறதுக்கு இல்லம்மா. காட்டறதுக்கு."

தலை வாரும் நேரத்துக்கு மேல் நான் கண்ணாடி முன்னால் நின்றது அன்றுதான். கண்ணாடியில் இருந்தவள் எதையும் ஒளித்து வைத்திருப்பவளைப் போல இல்லை. அந்தக் கழுத்தும் அந்தக் கையும் அவளே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியவை போல இருந்தன. அலுவலகத்தில் யார் தைத்தது என்று கேட்டார்கள். என்னைப் பார்த்து, முதுகை மூடித் தைக்க வேண்டும் என்று இரண்டு பேர் உங்களைத் தேடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அதன்பிறகு வேறு யாரிடமும் நான் அளவு கொடுக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நசரத்பேட்டை வீட்டுக்குப் போகாமல் நேராக உங்களிடம் வருவேன். நீங்கள் தைத்துக்கொண்டிருக்க, நான் ஹூக் கட்டிக் கொடுப்பேன். திட்டு புதிதாக எங்கே வந்தாலும் அம்மாவுக்கு முன் நீங்கள் பார்த்தீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நான் கூட்டத்தில் எழுந்து பேசினேன். புகைப்படத்துக்கு முன்வரிசையில் நின்றேன்.

சில வருஷம் கழித்து ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. அவரும் நானும் சில நாள் போனில் பேசினோம். பிடித்திருந்தது. திட்டுகளைப் பற்றி, "கல்யாணம் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை நேரில் பார்த்து நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"சொல்லு. தைரியமா சொல்லு" என்றீர்கள். "புடிச்சவனா இருந்தா நிப்பான்."

அந்த வாரம் அவருடைய அம்மா உங்கள் கடைக்கு வந்தார். கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க நல்ல ஆள் வேண்டும் என்று கேட்டபோது, உங்கள் பெயரைச் சொல்லி அனுப்பியது என் அம்மாதான். மருமகளாக வரப்போகிறவளுடைய டெய்லர் என்ற உரிமையில் பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கிறது. இந்தக் காலத்துப் பெண் ஏன் எப்போதும் இப்படி முதுகை மூடிப் போடுகிறாள் என்று கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். குரல் வேறாக இருந்தது.

"அந்த டெய்லர் அக்கா அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க. 'பாவம் அந்தப் பொண்ணு, இத்தன வருஷமா நான்தான் மறைச்சி மறைச்சி தெச்சிக் குடுக்கறேன்'னு சொன்னாங்களாம்."

"நாளைக்கு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"இப்ப அப்டித்தான் சொல்லுவீங்க" என்று வைத்துவிட்டார்.

என் உண்மை ஒரே நாளில் பொய்யாகிவிட்டது அக்கா. மறுநாள் நான் சொல்லி, அவர் வேண்டாம் என்றிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். சொல்கிற வாய்ப்பையே எடுத்துவிட்டீர்கள். அதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. என்னைத் தின்றது அந்தப் 'பாவம்', அந்த 'மறைச்சி மறைச்சி'.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தேன். நீங்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை.

"சொன்னீங்களாக்கா?"

"கேட்டாங்கம்மா. வாய்ல வந்துட்ச்சி."

"பாவம்னு சொன்னீங்களா?"

பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள். "பாவம்னா இன்னா தப்பு? உன்மேல பாசம் இல்லாமயா சொன்னேன்?"

"மறைச்சித் தெச்சேன்னு சொன்னீங்களா?"

மறுபடியும் பெட்டியை எடுத்துத் துணிமேல் ஓட்டினீர்கள். தைக்கக் கொடுத்திருந்த துணி வெட்டாமல் அலமாரியில் இருந்தது. நானே எடுத்துக்கொண்டேன். வாசல்படி இறங்கும்போது "சாப்ட்டுப் போ" என்றீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து நீங்கள் தைத்ததையெல்லாம் கட்டிலில் பரப்பினேன். அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள். எந்தக் கழுத்து அழகுக்காக ஏற்றியது, எது திட்டுக்காக ஏற்றியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணாடியில் நான் பார்த்தவளை நீங்களும் பார்த்தீர்கள் என்று நம்பியிருந்தேன். என் பின்னால் நின்று தோளைப் பிடித்தபோது நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?

வரன் தட்டிப்போனது. பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், ஒரு கோபத்தில், ரெடிமேடாக ஒரு குட்டைக் கை ரவிக்கை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பார்த்தார்கள். கேட்டார்கள். சொன்னேன். சில நாளில் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கையில் காற்றுப் படுவது அவ்வளவு சுகமாக இருந்தது. இதையும் நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று காய்கறிக் கடையில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கால் தானாக உங்கள் வாசலில் வந்து நின்றது. நோயில் பாதியாகிவிட்டிருந்தீர்கள். பட்டுப்புடவை போர்த்தி, உங்கள் பழைய ரவிக்கை ஒன்றைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அது தோளை விட்டு வழிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் அளவு பார்த்தவரை அப்படியே தூக்கிப் போக விட என்னால் முடியவில்லை. என் புடவையில் இருந்த பின்னைக் கழற்றி, தொளதொளப்பை உள்ளே மடித்துக் குத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "யாரு, சொந்தமா?" என்று கேட்டாள். "இல்ல, துணி தெச்சிக் குடுப்பாங்க" என்றேன். கண்ணீர் வரவில்லை. கோபமும் அங்கேயேதான் இருந்தது.

இப்போது நிமிர்ந்துதான் நடக்கிறேன் அக்கா. எனக்குப் பிடித்த நிறத்தை உடுத்துகிறேன். அந்த நிமிர்வு போகவில்லை. ஆனால் யாராவது "இன்னிக்கு நல்லா இருக்கீங்க" என்று சொன்னால், சிரித்து நன்றி சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பிப் போகும்வரை நகராமல் நிற்கிறேன். கொஞ்ச தூரம் போய்ப் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று காது அங்கேயே இருக்கிறது.